பத்துக் கோழிக்கு எது நல்ல இடம்: மாடிக் கூண்டா, கூளக் கொட்டகையா, கொல்லையா?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த வீடுகளில் சில மறுபடி திறந்திருக்கின்றன. வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டவர்கள் ஓடு மாற்றி, கிணறு தூர்வாரி, கொல்லையைச் சுத்தம் செய்த கையோடு கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. வீட்டு முட்டைக்கு ஒரு பத்துக் கோழி வைத்துக்கொள்ளலாமா? வைத்தால் எப்படி வைப்பது?

மூன்று வழி இருக்கிறது. ஒன்று, கடையில் ரெடியாக விற்கும் கம்பிக் கூண்டு. மாடியிலோ பின்கட்டுத் தாழ்வாரத்திலோ வைத்துவிட்டால் தீனியும் தண்ணீரும் முன்னால் இருக்கும், முட்டை சரிந்து வெளியே வந்து நிற்கும், எச்சம் கீழே தட்டில் விழும். இரண்டு, நாலு பக்கமும் வலையடித்த கொட்டகைக்குள் தரையில் உமியோ கடலைத்தோலோ பரப்பி அடைத்து வளர்ப்பது. பண்ணைக்காரர்கள் ஆழ்கூளம் என்பார்கள். மூன்று, நம் ஊரில் எப்போதும் இருந்த வழி. பகலில் கொல்லையில் மேயவிட்டு, பொழுது சாய்ந்ததும் கூட்டில் அடைப்பது.

நான் மூன்றாவதன் பக்கம். 'அந்தக் காலத்தில் அப்படித்தான் வளர்த்தார்கள்' என்பதற்காக அல்ல. அந்தக் காலத்தில் வெள்ளைக்கழிச்சல் வந்தால் தெருவில் ஒரு கோழி மிஞ்சாது, அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கோழிக்கு என்ன வேண்டும் என்பதைக் கோழியிடமே கேட்டுப் பார்த்த ஆராய்ச்சிகள் 50 ஆண்டுகளாக நடந்துவருகின்றன. அவற்றை வைத்து இந்த மூன்றையும் எடைபோட்டால் விடை ஓரளவு தெளிவாகவே வருகிறது.

கோழியிடம் கேட்பது எப்படி? இதற்கு ஒரு நல்ல கதை இருக்கிறது. 1964-ல் ரூத் ஹாரிசன் என்ற பெண்மணி, கூண்டுப் பண்ணைகளில் விலங்குகள் படும் பாட்டைப் பற்றிப் புத்தகம் எழுதினார். பிரிட்டனில் அது பெரிய கொந்தளிப்பை உண்டாக்க, அரசு பிராம்பெல் என்ற விலங்கியல் பேராசிரியர் தலைமையில் ஒரு குழு போட்டது. 1965-ல் வந்த அதன் அறிக்கை நல்ல அறிக்கைதான். விலங்கு திரும்பவும், எழவும், படுக்கவும், உடம்பைக் கோதிக்கொள்ளவும், கைகாலை நீட்டவும் இடம் வேண்டும் என்று முதன்முதலில் அரசு மட்டத்தில் சொன்னது அதுதான். கூடவே கூண்டின் தரைக்கு மெல்லிய அறுகோணக் கம்பிவலை கூடாது, காலுக்கு வலிக்கும், கனமான கம்பி வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பார்க்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். 1973-ல் ஹியூஸ், பிளாக் என்ற இருவர் இரண்டு வகைத் தரையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் கோழிகளையே தேர்ந்தெடுக்க விட்டார்கள். குழு வேண்டாம் என்ற மெல்லிய வலையைத்தான் கோழிகள் அதிகம் தேடிப் போய் நின்றன. மெல்லிய வலையில் பாதத்துக்குப் பிடிமானப் புள்ளிகள் அதிகம். கோழியின் மேல் இரக்கப்பட்டவர்கள் கோழியிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு கேட்கும் முறை இன்னும் கூர்மையானது. வெறுமனே 'இது பிடிக்குமா, அது பிடிக்குமா' என்று கேட்டால் போதாது, எவ்வளவு பிடிக்கும் என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரு தள்ளுகதவு வைத்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் கோழிக்கு வேண்டிய ஒன்று, கதவில் எடை. எடையைக் கூட்டிக்கொண்டே போனால் கோழி எதற்காக எவ்வளவு பாடுபடத் தயார் என்று அளந்துவிடலாம். கூப்பர், ஆப்பிள்பி என்ற இருவர் இந்த முறையில் கண்டது எனக்கு மறக்காத ஒன்று. முட்டையிடுவதற்கு 40 நிமிடம் இருக்கும்போது, நாலு மணி நேரம் பட்டினி கிடந்த கோழி தீனிக்காக எவ்வளவு தள்ளுமோ அவ்வளவு பாடுபட்டுக் கூட்டுப்பெட்டிக்காகத் தள்ளியது. 20 நிமிடம் இருக்கும்போது அதைப்போல இரண்டு மடங்கு. முட்டையிட ஒரு மறைவிடம் என்பது கோழிக்குச் சொகுசு அல்ல, பசி மாதிரி.

கொல்லையில் கோழி வளர்த்தவர்களுக்கு இது கண்ணால் பார்த்த விஷயம். முட்டை வரப்போகும் கோழி மேய்ச்சலை விட்டுவிடும். தலையைத் தாழ்த்திக்கொண்டு ஒவ்வொரு மூலையாக எட்டிப் பார்க்கும். விறகு அடுக்குக்குப் பின்னால் நுழையும், வெளியே வரும், கவிழ்த்து வைத்த அண்டாவைச் சுற்றும், பின்கட்டில் மூலையில் சாய்த்த பழைய சொளகுக்குள் ஏறி உட்கார்ந்து, வயிற்றால் ஒரு சுற்றுச் சுற்றி, பக்கத்தில் கிடக்கும் வைக்கோலை அலகால் எடுத்துத் தன் முதுகுப் பக்கம் எறியும். அப்புறம் கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு அசையாமல் இருக்கும். அந்த நேரத்தில் அதைக் கிளப்பிவிட்டால் அரை மணி நேரத்துக்கு வீட்டைச் சுற்றிக் கேறிக்கொண்டே திரியும். இப்படி இடம் கிடைக்காத கோழி எழுப்பும் இழுவையான குரலை நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் தனியாகப் பதிவுசெய்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஏமாற்றம் கூடக்கூட அந்தக் குரலும் கூடுகிறது.

சரி, இனிக் கூண்டுக்கு வருவோம். அதன் பக்கம் உள்ள நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். கீரி நுழையாது. எச்சம் கீழே விழுந்துவிடுவதால் குடல்புழுவும் ரத்தக்கழிச்சலும் குறைவு. எந்தக் கோழிக்கு உடம்பு சரியில்லை என்று உடனே தெரியும். முட்டை சுத்தமாக, எண்ணிக்கை தப்பாமல் கிடைக்கும். வயதானவர்களுக்குக் குனிய வேண்டிய வேலை இல்லை. இதெல்லாம் சின்ன விஷயங்கள் அல்ல.

ஆனால் இடக்கணக்கைப் பாருங்கள். 1989-ல் மரியன் டாக்கின்ஸ், ஹார்டி இருவரும் கோழிகளை மேலிருந்து படமெடுத்து ஒவ்வொரு அசைவுக்கும் எவ்வளவு தரைப்பரப்பு பிடிக்கிறது என்று அளந்தார்கள். சும்மா நிற்கவே சராசரியாக 475 சதுர செ.மீ. வேண்டும். திரும்ப சுமார் 1,270. சிறகை அடித்துக்கொள்ள சுமார் 1,880. நாம் அச்சடிக்கும் ஏ4 தாள் 624 சதுர செ.மீ. இங்கே வீட்டுக்கென்று விற்கும் கூண்டுகளில் நான் அளந்து பார்த்தவரை ஒரு கோழிக்கு அந்தத் தாளைவிடக் கொஞ்சம் கூடவோ குறையவோதான் வருகிறது. அதாவது கோழி நிற்கலாம், பக்கத்துக் கோழி ஒதுங்கினால் திரும்பலாம், சிறகை விரித்து அடிக்கவே முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2012 ஜனவரி 1 முதல் இந்த வெறுங்கூண்டுகளைத் தடை செய்துவிட்டது. அங்கே அனுமதித்த கூண்டில்கூட ஒரு கோழிக்கு 750 சதுர செ.மீ., முட்டையிட மறைவு, உட்காரக் கம்பு, கிளறக் கூளம் எல்லாம் இருந்தாக வேண்டும்.

இடத்தைவிட எனக்கு மனதை அறுப்பது மண் குளியல். கோழி கிட்டத்தட்ட ஒருநாள் விட்டு ஒருநாள், பெரும்பாலும் உச்சிவேளையில், அரை மணி நேரம் போல மண்ணில் புரளும். சிறகுக்குள் புழுதியை ஏற்றிப் பழைய எண்ணெய்ப் பசையையும் பேனையும் உதறிவிடுவதற்காக. காரைக்குடியில் ஒரு வீட்டு மாடிக் கூண்டில் இதைப் பார்த்தேன். கோழி தீனித் தொட்டியிலிருந்து கொஞ்சம் மாவைக் கொத்தி, இல்லாத மண்ணை அலகால் தன் பக்கம் இழுத்தது. கம்பியின் மேல் குந்தி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, சிறகால் வெறுங்கம்பியை அள்ளி மேலே போட்டது. திரும்பத் திரும்ப அதையே செய்தது. பொய்க்குளியல் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்வது இதைத்தான். மண்ணே இல்லாத இடத்திலும் அந்த வேட்கை அடங்குவதில்லை, செய்து முடித்தாலும் தீர்வதில்லை.

அதோடு நம் ஊர் வெயில். கோழிக்கு வியர்வை கிடையாது, உடம்புச் சூடே 41 டிகிரி வாக்கில் இருக்கும். சித்திரை, வைகாசியில் மாடியில் தகரத்துக்குக் கீழே கூண்டு வைத்தால் வாயைப் பிளந்து மூச்சு வாங்குவதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை. அப்படி இரைக்க இரைக்க ரத்தத்தில் இருக்கும் கரியமில வாயு குறைந்துபோகும். முட்டை ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் அதிலிருந்துதான் வர வேண்டும். வெயில் காலத்தில் தோல்முட்டையும் ஓடு மெலிந்த முட்டையும் வருவதற்கு ஒரு காரணம் இது. கொல்லையில் இருக்கும் கோழி வேப்பமரத்தடிக்கோ கிணற்றடி ஈரத்துக்கோ தானே போய்விடும். கூண்டில் இருப்பது போக முடியாது. எனவே மாடிக் கூண்டு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து, அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை.

கூளக் கொட்டகை அப்படி ஒதுக்கிவிடக் கூடியதல்ல. கொல்லை சின்னதாக இருக்கிறது, சுற்றுச்சுவர் இடிந்திருக்கிறது, பக்கத்து வீட்டுக் கீரைப்பாத்தியால் சண்டை வரும், தெருநாய் தொல்லை என்றால் இதுதான் சரியான வழி. ஆனால் பண்ணைக் கணக்கான கோழிக்கு 2 சதுர அடியை வைத்துக்கொள்ளாதீர்கள். பத்துக் கோழிதானே, 4 அல்லது 5 சதுர அடி கொடுக்க நம்மால் முடியும்.

கொட்டகையில் வரும் முதல் சிக்கல் சும்மா இருப்பது. கோழியின் மூதாதையான காட்டுக்கோழியைக் கவனித்த ஆய்வுகளில் அது விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் கொத்துவதிலும் கிளறுவதிலும்தான் போகிறது. தட்டு நிறையத் தீனி இருந்தும், உழைத்துக் கிடைக்கும் தீனியையும் கோழி தேடிப் போகும் என்று டங்கனும் ஹியூஸும் 1972-லேயே காட்டினார்கள். கிளற ஒன்றும் கிடைக்காத கொட்டகையில் அந்த அலகு பக்கத்துக் கோழியின் இறகுக்குப் போகும். முதுகு சொட்டையான கோழிகளைப் பார்த்திருப்பீர்கள். சண்டையால் வந்தது என்று நினைப்போம், பெரும்பாலும் அது இடம் மாறிய மேய்ச்சல். எனவே கம்பையோ நொய்யரிசியையோ தட்டில் வைக்காமல் கூளத்தில் தூவுங்கள். முருங்கைக் கொத்து, கீரைத்தண்டு எதையாவது கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். ஒரு மூலையில் பழைய டயரில் செம்மண்ணும் சாம்பலும் கலந்து வைத்தால் மண் குளியலும் ஆயிற்று.

இரண்டாவது சிக்கல் ஐப்பசி, கார்த்திகை மழை. சாரலடித்துக் கூளம் நனைந்தால் எச்சத்திலிருந்து அம்மோனியா கிளம்பும், கோழியின் கண்ணும் நுரையீரலும் கெடும். நின்றபடி மோந்து பார்த்துவிட்டு 'நாற்றம் இல்லை' என்று சொல்லாதீர்கள். குந்தி உட்கார்ந்து, கோழியின் தலை இருக்கும் உயரத்தில் மூச்சு இழுங்கள். கண் எரிந்தால் அன்றைக்கே மேல்கூளத்தை மாற்ற வேண்டும். ஒரு கைப்பிடிக் கூளத்தை இறுக்கிப் பிடித்து விரித்தால் உதிர வேண்டும், உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம்.

புதுக் கோழியை ஒன்றிரண்டாகக் கொண்டுவந்து சேர்ப்பதும் இங்கே கூடாது. கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை இருப்பதை நார்வேக்காரரான ஷெல்டெரப்-எப்பே சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார். பத்துக் கோழிக் கூட்டத்தில் ஒவ்வொன்றும் மற்ற ஒன்பதின் முகத்தையும் அறியும். தனியாக வரும் ஒன்று எல்லோரிடமும் அடி வாங்கும், கொட்டகைக்குள் ஓடி ஒளியவும் இடமில்லை. சேர்ப்பதென்றால் நாலைந்தாகச் சேருங்கள், முதலில் சில நாள் வலைக்கு அந்தப் பக்கம் வைத்துப் பார்க்கவிடுங்கள்.

இனிக் கொல்லை. மறைவான இடத்தில் முட்டை, கிளற மண், புரளப் புழுதி, ஒதுங்க நிழல், அடிவாங்கினால் ஓட வழி என்று கோழி கதவைத் தள்ளிக் கேட்ட ஏறக்குறைய எல்லாமே இங்கே செலவில்லாமல் இருக்கிறது. செட்டிநாட்டுச் செம்மண் காய்ந்தால் மாவாகிவிடும், அதைவிட நல்ல குளியல் தொட்டி கோழிக்கு இல்லை. ஒரே ஒரு நிபந்தனை, மரம் வேண்டும். திறந்து விட்டாலும் கோழிகள் வெட்டவெளிக்குப் போகத் தயங்கும், மரமும் புதரும் இருந்தால்தான் கொட்டகையை விட்டு அகலும் என்பதை வெளிநாட்டுப் பண்ணைகளில் செய்த ஆய்வுகளும் சொல்கின்றன. மேலே பருந்து சுற்றும் ஊரில் அது நியாயம்தானே. கொல்லையைச் சுத்தம் செய்கிறேன் என்று எல்லாவற்றையும் வெட்டி மொட்டையடித்தவர்கள், முதலில் ரெண்டு முருங்கையும் ஒரு கருவேப்பிலையும் வளர விடுங்கள், கோழி பிறகு வரட்டும்.

இந்த வழியின் பெரிய ஓட்டை சாவுதான். பகலில் கீரி, வல்லூறு, தெருநாய். குஞ்சாக இருந்தால் காகம்கூட. ராத்திரியில் மரநாய். பழைய வீடுகளின் ஓட்டுக் கூரைக்குள்ளும், பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் வீட்டிலும் அது குடியிருக்கும். திறந்து கிடந்த கூட்டில் மரநாய் நுழைந்த மறுநாள் காலை என்ன இருக்கும் என்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பகல் முழுக்கச் சுகமாக மேய்ந்த கோழி ராத்திரி பயத்தில் செத்தால் அதை நல்ல வளர்ப்பு என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆகவே கொல்லை மேய்ச்சல் என்றால் ராத்திரிக் கூடு உறுதியாக இருந்தே தீர வேண்டும். காசு செலவழிக்க வேண்டிய இடம் அதுதான்.

கோழிவலை என்று விற்கும் மெல்லிய வலை கோழியை உள்ளே நிறுத்தும், மரநாயை வெளியே நிறுத்தாது. அரை அங்குல வெல்டு மெஷ் வாங்குங்கள். கீரி தோண்டும், எனவே வலையைத் தரைக்குள் ஓரடி இறக்குங்கள். உள்ளே உட்காரக் கம்பு கட்டாயம். இருட்டியதும் உயரத்தில் ஏறி உட்கார்வது கோழிக்கு ரத்தத்தில் ஊறியது. கம்பு இல்லாத இடத்தில் பொழுது சாயும்போது நிலைகொள்ளாமல் அலையும் என்பதையும், கம்புக்காகக் கனமான கதவைத் தள்ளும் என்பதையும் ஸ்வீடனில் ஓல்சனும் கீலிங்கும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் ரொம்ப உயரமும் ஆகாது. அதிக முட்டையிடும் கோழிகளின் எலும்பில் சுண்ணாம்பு குறைவு, உயரத்திலிருந்து குதித்து நெஞ்செலும்பு உடைவது அடுக்குக் கொட்டகைகளில் பெரிய பிரச்சினை. இரண்டரை அடி போதும், கோழிக்கு முக்கால் அடி நீளம், விளிம்பு மழித்த மரக்கம்பு. ஓரத்தில் கண்ணில் படாத இருட்டில் மூன்று முட்டைப் பெட்டி.

பஞ்சாரம் போதாதா என்று கேட்பார்கள். குஞ்சுக்காரிக்கு அதைவிட நல்லது கிடையாது, காற்றோட்டமும் உண்டு, தூக்கி நிழலுக்கு நகர்த்தலாம். பத்து வளர்ந்த கோழியை ராத்திரி பூராவும் அதில் திணிக்கக் கூடாது.

நோய்க்குத் தடுப்பூசியைத் தவிர வேறு பேச்சே இல்லை. வெள்ளைக்கழிச்சலுக்குக் குஞ்சு பிறந்த முதல் வாரத்தில் சொட்டு மருந்து, பிறகு எட்டாவது வாரத்தில் இறக்கையடியில் ஊசி. கால்நடைத்துறை நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமில் இதைப் போட்டுக்கொள்ளலாம். உங்கள் கோழிக்கு மட்டும் போட்டால் போதாது, அக்கம்பக்கத்தையும் கூட்டிக்கொண்டு போங்கள். மேயும் கோழிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை குடல்புழு மருந்தையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள்.

இனத்தையும் இதோடு சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். பண்ணை வெள்ளைக்கோழி ஆண்டுக்கு 300 முட்டை வரை போடும், ஆனால் கொல்லையில் வெள்ளை நிறம் பருந்துக்கு அடையாளம் காட்டும், அடை காக்கவும் மாட்டாது. சிறுவிடை நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60, 70 முட்டையைத் தாண்டுவது அரிது. ஆனால் மரத்தில் ஏறும், நிழல் கடந்தாலே குரல் கொடுத்துக் குஞ்சுகளை ஒதுக்கும், தானே அடை உட்கார்ந்து 21 நாளில் பொரிக்கும். தாயிடம் வளர்ந்த குஞ்சுகள் பின்னால் இறகு கொத்துவது குறைவு என்றும் ஆய்வுகள் உண்டு. நடுவில் வேண்டுமென்றால் வனராஜா, கிராமப்பிரியா மாதிரிப் புறக்கடைக்கென்றே உருவாக்கிய கலப்பினங்கள் இருக்கின்றன. ஏழு சிறுவிடையும் மூன்று கலப்பினமும் என்பது இருவர் வாழும் வீட்டுக்கு எனக்குச் சரியாகப் படுகிறது. செட்டிநாட்டில் அரசுக் கால்நடைப் பண்ணை இருக்கிறது, குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. சந்தையில் கால் கட்டித் தொங்கவிட்டு விற்கும் கோழியை வாங்குவதற்கு முன் இந்த இரண்டு இடத்திலும் விசாரியுங்கள்.

வாங்கி வந்ததும் ஒரு வாரம் கூட்டுக்குள்ளேயே வையுங்கள், அதுதான் வீடு என்று பழகட்டும். பிறகு சில நாள் பத்து, பதினொரு மணிக்குத் திறந்துவிடுங்கள். பெரும்பாலான கோழி அதற்குள் முட்டையிட்டிருக்கும், பெட்டியே பழக்கமாகிவிடும். பழகியபின் கோடையில் விடிந்ததும் திறக்கலாம், வெயில் ஏறுமுன் மேய்ந்து முடிக்கும். சாயங்காலம் அடைக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கைப்பிடிக் கம்பைக் கூட்டுக்குள் தூவினால் கூப்பிடாமலே வரும்.

இதற்கெல்லாம் தினமும் பொழுது சாயும்போது கதவைச் சாத்த ஓர் ஆள் வேண்டும். கல்யாணம், பொங்கல், குலதெய்வப் படைப்பு என்று ஆண்டுக்கு நாலு தடவை வந்துபோகும் வீடாக இருந்தால் கூண்டு வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். தானாகத் தீனி விழும் கருவி வாங்கினாலும் வெயிலில் இரைக்கும் கோழியை அது கவனிக்காது. அந்த வீட்டுக்காரர்கள், கொல்லையில் கோழி மேய்க்கும் பக்கத்து வீட்டு ஆச்சியிடமே முட்டை வாங்கிக்கொள்ளுங்கள். கடை விலையைவிட நாலு ரூபாய் கூடக் கேட்டாலும் பேரம் பேசாமல் கொடுங்கள்.